செல்வியக்காவின் ஆணி

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். "லீவுல இருக்கா" என்று என் கணவர் வருகிறவர்களிடம் சொல்கிறார். மாமியார், "வேலைய வுட்டுட்டா" என்கிறார். எது சரி என்று எனக்கே தெரியாததால் இரண்டு பேச்சுக்கும் தலையாட்டிவிடுகிறேன்.

இதை எழுதச் சொன்னவள் கௌசல்யா. நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். சந்தேகம் வந்தால் போன் செய்வாள். நானும் குரல்பதிவு அனுப்புவேன். போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அக்கா, இனிமே வாய்ஸ் நோட் போடாதீங்க. பாதி நீங்க பேசறீங்க, பாதி பாப்பா கத்துது. இன்ஜின் பக்கத்துல நின்னுகிட்டு ரெண்டயும் பிரிச்சிக் கேக்க முடியல. எழுதி அனுப்புங்க."

அவள் கேட்டது ஒரே கேள்வி. ஆணி ஏறிய மரம் வந்தால், அறுப்பதற்கான முதல் கோட்டை எங்கே போடுவது? இரண்டு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிய இரண்டு வரியும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அவை போதாது என்று பட்டது. அதனால் இப்படி நீள்கிறது.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விழுந்த மரத்தை அறுப்பதற்கு மரத்தை மில்லுக்கு ஏற்றிப் போவதுதான் வழக்கம். நாங்கள் மில்லை மரத்திடம் கொண்டு போவோம். டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன அறுவை மில். இரண்டு தண்டவாளம், அவற்றின் மேல் முன்னும் பின்னும் நகரும் இன்ஜின், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சுற்றி ஓடும் பட்டை பிளேடு, அவ்வளவுதான். மரம் அசையாமல் கிடக்கும். பிளேடு அதன்மேல் படுத்த வாக்கில் நகர்ந்து பலகை பலகையாக எடுக்கும். கடத்தூரில் இருந்து கிளம்பி, வயல் வரப்பு, மாந்தோப்பு, கோயில் நிலம் என்று மரம் கிடக்கும் இடத்துக்கெல்லாம் போவோம். ஒருமுறை சித்தேரி மலைப் பாதையில் ஒரு திருப்பத்தில் எங்கள் டிராக்டரும் எதிரே வந்த பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து, "இது என்னாம்மா, கரும்பு மிஷினா?" என்று கேட்டார்கள். ஒருவர் ஜூஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்.

மில் ஸ்டெல்லா அக்காவுடையது. வனவியல் படித்துவிட்டு, அரசுத் தேர்வுகள் எழுதி எழுதிக் களைத்துப்போய் அவரிடம் சேர்ந்தேன். படிப்பில் மரத்தின் பெயர் தெரியும். எந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் பலகை கோணாது என்பது தெரியாது. அதை முதல் வருடத்தில் கற்றுக்கொண்டேன். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையில் சிராய் ஏறியது, தோல் கறுத்தது, அம்மா அழுதாள்.

ஸ்டெல்லா அக்காவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடுகிற இன்ஜினுக்கு மேல் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்குவார். இன்ஜின் நிற்கும். பிளேடு முழுசாக அடங்கும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். சொல்வது "பிளேடுக்குத் தண்ணி குடுத்துட்டு அறுங்க" என்பதாக இருந்தாலும் இதே முறைதான். டீசல் வீணாகிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். "சத்தத்துல சொன்னா பாதிதான் காதுல வுழும். மீதிய நீங்களே போட்டுக்குவீங்க" என்பார்.

என் வேலை, பிளேடு இறங்குவதற்கு முன்பு உள்ள வேலை. மரப்பட்டையைச் சுத்தம் செய்வது, கட்டையின் இரண்டு முனையிலும் உள்ள வெட்டு முகப்பைத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, எங்கே அறுக்க வேண்டுமோ அங்கே சாக்பீஸால் கோடு போடுவது. அதற்கும் முன்னால் ஆணி தேடுவது. ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி நம் மேல் தடவுவாரே, அதே மாதிரி ஒரு கருவிதான். கட்டையை ஒட்டி மெதுவாக நகர்த்தினால் இரும்பு இருக்கும் இடத்தில் கத்தும். ஆழத்தில் இருந்தால் கத்தாது, முனகும். இன்னும் ஆழமென்றால் அதுவும் இல்லை.

நம் பக்கத்து மரங்களில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கம்பிவேலி, கட்சித் தட்டி, டியூஷன் போர்டு, களை எடுக்க வந்தவர்கள் தூளி கட்டிய கொக்கி. மரம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மேலே பட்டையை மூடிவிடும். ஆனால் ஒரு தடயம் விடும். இரும்பு பட்ட இடத்தில் புளி, வேம்பு மாதிரி மரங்களில் நீலம் பாயும், துணியில் இங்க் கொட்டினது போல. அந்த நீலம் குறுக்கே அதிகம் பரவாது. நார் போகிற வழியில் மேலும் கீழும் நீளமாக ஓடும். ஆகவே முகப்பில் நீலப் புள்ளி தெரிந்தால், உள்ளே அந்த நேரில் எங்கோ இரும்பு இருக்கிறது. கௌசல்யா, நீ கேட்டதற்கு முதல் வரி இது: கருவியை மட்டும் நம்பாதே, முகப்பைக் கழுவிப் பார். இரண்டாவது வரி: ஆழமாகத் தெரிகிற நீலத்துக்கு இரண்டு விரல் கீழே கோடு போடு.

இனி மீதி.

தீர்த்தமலை தெரிகிற ஒரு ஊரில், மழையோடு அடித்த காற்றில் ஒரு புளியமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நிலத்துக்காரர் ராஜமாணிக்கம் எங்களைக் கூப்பிட்டார். பெங்களூரில் ஓட்டல் வைக்கிற ஒருவருக்கு நீள மேசை போட ஒரே பலகையாக வேண்டுமாம். ஒட்டுப் போடாமல், வெடிப்பில்லாமல், எட்டடிக்கு. "வாக்கு குடுத்துட்டங்க" என்று போனிலேயே நாலு தடவை சொன்னார்.

நாங்கள் போனபோது கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டாக்கி, ஜேசிபியால் உருட்டி மேட்டில் போட்டிருந்தார்கள். வேர்ப்பக்கத்துக் கழுத்தைக் கொஞ்சம் விட்டே வெட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதியும் வெளியே இருந்த பகுதியும் பிரியும் இடம் நன்றாகத் தெரிந்தது. நான் கருவியை எடுத்தேன். தடவியதில் பல இடங்களில் கத்தியது.

"ஆணி அடிக்கற மரங்க இது" என்றார் ராஜமாணிக்கம். "காத்து கருப்பு புடிச்சவங்கள கூட்டியாந்து, முடிய மரத்துல வெச்சி ஆணி அடிச்சி, முடிய அறுத்து வுட்டுருவாங்க. வந்தது மரத்தோட நின்னுக்கும். இப்ப எல்லாம் எவன் பண்றான்? கடப்பாரைய போட்டு புடுங்கிட்டு அறுங்க."

நான் உளியை எடுத்து மேலாக இருந்த ஆணிகளைத் தோண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் வரப்பில் ஓர் அம்மா வேகமாக வந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக ராஜமாணிக்கத்திடம் போனார்.

"ஏப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா உனக்கு?"

"அண்ணி, மரம் தானா வுழுந்துது. நான் தள்ளல."

"வுழுந்தத கேக்கல. ஆணி புடுங்கறத கேக்கறன்."

அவர் செல்வி. ராஜமாணிக்கத்தின் அண்ணன் மனைவி. அந்த மரத்தில் ஓர் ஆணி அவருடையது. மூத்த மகள் ரேவதி பிறந்த சில மாதங்களில் அடித்தது. அந்த ரேவதி இப்போது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம்.

"அவ பொறந்தப்பதான் எனக்கு வந்துது" என்றார் செல்வியக்கா. "இப்ப அவ வயித்துல புள்ளயோட வூட்ல படுத்திருக்கா. நீ இங்க ஆணிய புடுங்கற. வெளிய வர்றது எங்க போவும்? தெரிஞ்ச வூட்டுக்குத்தான வரும்?"

ராஜமாணிக்கம் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதெல்லாம் நம்புவீங்களா?"

டிராக்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா கையைத் தூக்கினார். டிராக்டர் நின்றது. அதன் கடைசி உறுமலும் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் நம்பறது இருக்கட்டுங்க. மரம் உங்களுது, ஆணி அவங்களுது. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அறுக்கணும்." என் பக்கம் திரும்பினார். "கோடு நீதான போடற. பாரு."

பார் என்றால் என்ன பார்ப்பது? ஆணி இருக்கும் பகுதியைத் துண்டாக வெட்டி எடுத்துக் கொடுத்தால் செல்வியக்காவுக்குச் சரி. ஆனால் எட்டடி போய்விடும், ராஜமாணிக்கத்தின் வாக்கும் போய்விடும். பிடுங்கினால் அவருக்குச் சரி. அப்போது எனக்கு மூன்றாம் மாதம். வீட்டில் மட்டும்தான் தெரியும், ஸ்டெல்லா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு இந்த ஆணியில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. உளியைக் கீழே வைத்துவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வழி என்று ஒன்று இருந்தது. ஆணிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி கட்டையைத் திருப்பிப் போட்டு, ஆணி முனைக்குக் கீழே முதல் அறுப்பைக் கொடுத்தால், ஆணிகள் பிடுங்கப்படாமல் பட்டையோடு ஒரே மொத்தமாக மேலே வந்துவிடும். நடுவில் வரும் பலகைகளுக்கு நீளமும் குறையாது, அகலமும் குறையாது. மேலே கொஞ்சம் கனம்தான் போகும். ஆனால் அதற்குச் செல்வியக்காவின் ஆணி எங்கே, எந்த ஆழத்தில் என்று தெரிய வேண்டும். அது பழைய ஆணி. மரம் அதை எப்போதோ மூடிவிட்டது.

"தலைக்கு நேரா அடிச்சாங்க. மலைய பாத்து நின்னன், முதுகு மரத்துல" என்றார் செல்வியக்கா.

"அப்ப இந்நேரம் கிளைக்கிட்ட போயிருக்கும்" என்றார் ராஜமாணிக்கம். "மரம் எவ்வளவு வளந்திருக்கு!" டிராக்டர் ஓட்டுநரும் ஆமாம் என்றார். செல்வியக்காவுமே கட்டையின் நுனிப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கே தேட வேண்டாம் என்றேன். மரம் உச்சியில்தான் உயரும். அடிமரம் பருக்கும், உயராது. அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும். "உள்ள போவும், மேல போவாதுங்க" என்று விளக்கினேன். செல்வியக்காவை நிற்க வைத்து அவர் பின்னந்தலை உயரத்தை டேப்பில் எடுத்து, கட்டையில் மண் அடையாளத்தில் இருந்து அதே அளவை வைத்து, அந்த இடத்தில் கருவியைப் பிடித்தேன்.

சத்தமே இல்லை.

சுற்றிலும் ஒரு வட்டம் தடவினேன். இல்லை. இன்னொரு தடவை டேப்பைப் பிடித்தேன். அதே அளவு, அதே மௌனம்.

"இல்லாத ஆணிக்கா இந்த அலப்பற?" என்று ராஜமாணிக்கம் சிரித்தார். "அண்ணி, ஆணியும் ஓடிப் போச்சி, பேயும் ஓடிப் போச்சி. வுடுங்க."

படித்ததைச் சொல்கிறேன் என்று தப்பாகச் சொல்லிவிட்டேனோ? செல்வியக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு" என்றார்.

"என்ன கல்லுங்க?"

"சாமி கல்லு ஒண்ணு இருந்துது அடியில. காலு மண்ணுல படக்கூடாதுன்னு அது மேல ஏத்தி நிக்க வெச்சாங்க. முழங்கால் உயரம் இருக்கும். எறங்கறப்ப தடுமாறி எங்க மாமியா மேல வுழுந்தன்."

முழங்கால் உயரத்தைக் கூட்டிக்கொண்டு கருவியை மேலே நகர்த்தினேன். முனகியது. கொஞ்சம் இடம் மாற்றினேன், இன்னும் தெளிவாக முனகியது. பட்டையைச் சீவினேன். உள்ளே தொப்புள் மாதிரி ஒரு சின்னச் சுழி இருந்தது. செல்வியக்கா அதன்மேல் விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

முகப்பைக் கழுவினோம். அந்தச் சுழிக்கு நேராக, பட்டையில் இருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் நீலம் முடிந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே கோடு போட்டேன். கட்டையைக் கொக்கிக் கம்பியால் நெம்பித் திருப்பி, சுழி மேலே பார்க்கும்படி ஆப்பு வைத்தோம். இன்ஜின் கிளம்பியது.

புளியின் தூள் முதலில் வெளிர் மஞ்சளாக வரும். நடுவில் இறுகிக் கிடக்கும் வைரத்தைத் தொட்டால் கருஞ்சிவப்பாக மாறும். நான் தூளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றடி போனதும் மஞ்சளில் சாம்பல் கலந்தது. நீலத்தில் அறுக்கிறோம் என்று அர்த்தம். நீலம் இரும்பு இல்லைதான், ஆனால் நான் கோடு போட்டது நீலத்துக்குக் கீழே. இங்கே நீலம் வரக்கூடாது. முகப்புவரை எட்டாத நீலம் ஏதோ உள்ளே இருந்தது.

என் கை தானாக மேலே போனது. இன்ஜின் நின்றது. பிளேடு அடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் எறக்கணும்" என்றேன். "ஒரு விரற்கடை."

"இன்னுமா?" என்றார் ராஜமாணிக்கம். "எனக்கு பலக மிஞ்சுமா மிஞ்சாதா?"

"மிஞ்சும்ங்க" என்றேன். மிஞ்ச வேண்டுமே என்று மனதுக்குள் அடித்துக்கொண்டது.

ஸ்டெல்லா அக்கா, அறுத்த இடைவெளியில் ஆப்புகளை நுழைத்து, பிளேடு கழன்றுவிடாமல் நோகாமல் பின்னுக்கு எடுத்து, ஒரு விரற்கடை இறக்கி, ஆரம்பத்தில் இருந்து மறுபடி ஓட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக. தூள் மஞ்சளாகவே வந்தது. கடைசிவரை மஞ்சள்.

மேல் கட்டையை நாலு பேர் சேர்ந்து புரட்டினோம். அதன் அடியில் மெல்லிய துண்டாக ஒட்டிக்கொண்டிருந்த விரற்கடை மரம், முதல் அறுப்பு நின்ற இடத்தையும் சற்றுத் தாண்டிப் பிளந்து, கழன்று விழுந்தது. சுழிக்கு நேர் கீழே நல்ல நீலம். அதன் நடுவில், முதல் அறுப்பு நின்றுபோன இடத்துக்குக் கால் விரற்கடை முன்னால், துருப்பிடித்த ஒரு புள்ளி. ஆணியின் முனை. அந்தத் துளி தூரம்தான் பாக்கி இருந்தது. மோதியிருந்தால் பிளேடு அறுந்திருக்கும். ஆணியும் அசைந்திருக்கும்.

செல்வியக்கா அதைப் பார்த்தார். "புடுங்கல இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லங்க. அசையக்கூட இல்ல."

அதற்குப் பிறகு வந்த பலகைகளைப் பார்த்து ராஜமாணிக்கம் போட்டோ எடுத்துத் தள்ளினார். நடுவில் கருத்த வைரம், இரண்டு பக்கமும் மஞ்சள், முழு எட்டடி. "அண்ணி, உங்க ஆணி என்னய குத்தலங்க" என்றார். "இன்னும் நேரம் இருக்குது" என்றார் செல்வியக்கா. அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆணிக் கட்டையை டிராக்டரிலேயே ஏற்றிப் போய் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கி வைத்தோம். கொஞ்ச நாளில் ரேவதிக்குச் சுகப்பிரசவம், பையன் என்று ஸ்டெல்லா அக்கா சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அத்தோடு மறந்துவிட்டேன்.

என் மகள் பிறந்த பிறகு நினைவு வந்தது. அவள் தூங்கும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். இருக்கும். திரும்பி வந்து படுப்பேன். விரலை வைத்தபோது அழுத்திவிட்டேனோ என்று மறுபடி எழுந்து போவேன். கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன், என் கையை என்னால் நம்ப முடியாது. தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினோம். இது பலருக்கும் வருவது, சரியாகும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதைச் சரியாகச் சாப்பிட்டேன். இருந்தாலும் தூக்கம் வரவில்லை.

ஸ்டெல்லா அக்கா யாரிடம் என்ன சொன்னாரோ, ஒரு நாள் மத்தியானம் செல்வியக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் பை நிறையக் கொய்யாப்பழம். மாமியார் காபி போட உள்ளே போனதும் நான் கேட்டேன். கேட்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஆணி அடிச்சதும் சரியாயிடுச்சாங்க?"

"அடிச்ச அன்னைக்கு ஊரே நம்புச்சி, எனக்கு முடியலன்னு" என்றார். "அதுவரைக்கும் திமிரு புடிச்சவன்னுதான் பேசிகிட்டாங்க. அப்பறம் எங்க மாமியா புள்ளய வாங்கிக்கிட்டாங்க. பாலுக்கு மட்டுந்தான் எங்கிட்ட வரும். நான் தூங்குனன். மாசக்கணக்கா தூங்குனன் கண்ணு."

"அப்ப ஆணியால இல்லயா?"

"யாருக்குத் தெரியும்? ஆணியா தூக்கமா, எது கொணமாக்குச்சின்னு தெரியல. அதான் ரெண்டுல ஒண்ணயும் வுடல. ரேவதிக்குப் புள்ள பொறந்ததும் மொத வேலயா அவள தூங்க வெச்சன்." கையை நீட்டினார். "குடு. போயி படு."

கௌசல்யா, நீ கேட்டதற்கு மூன்றாவது வரி இதுதான். சாக்பீஸை எடுப்பதற்கு முன்பு, தள்ளி நின்று யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார். இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் போய்க் கேள். இன்ஜின் ஓடும்போது கேட்காதே.

அன்று நான் பாப்பாவை உடனே கொடுத்துவிடவில்லை.

"மூச்சு பாப்பீங்களா?" என்றேன்.

"பாக்கறன்."

"அப்பப்ப பாக்கணும். அழுத்தாம."

"பாக்கறன், போ."

போய்ப் படுத்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. பதறி எழுந்து கூடத்துக்கு ஓடி வந்தேன். செல்வியக்கா சுவரில் சாய்ந்து, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, நான் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபி ஆடை கட்டிப் போயிருந்தது. அவருடைய ஒரு விரல் பாப்பாவின் மூக்குக்குக் கீழே, தொடாமல், அசையாமல் இருந்தது.